பினாங்கு வெயில்ல ட்ரையத்லான்: சூட்ட எப்படி சமாளிக்கிறது

முதல்ல நேரக் கணக்க பாத்துடுவோம், மத்ததெல்லாம் அதுக்கப்புறம். பினாங்குல சூரியன் உதிக்கவே 7 மணி ஆயிடும், சில மாசத்துல ஏழரை. 1982 ஜனவரி 1ல நம்ம கடிகாரத்த அரை மணி முன்னால தள்ளி வச்சாங்கல்ல, அதுலருந்து வெளிச்சம் இப்படித்தான் லேட்டா வருது. இருட்டுல கடல்ல ஆள எறக்க எந்த ஏற்பாட்டுக் குழுவும் சம்மதிக்காது, சம்மதிக்கவும் கூடாது, அதனால ஸ்டார்ட் எப்படியும் ஏழு, ஏழரை ஆயிடும். ஒலிம்பிக் தூரம்னா 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். வேலைக்கும் போயிட்டு புள்ளைங்களையும் பாத்துட்டு ட்ரெய்னிங் பண்ற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு நீச்சல் ஒரு 40 நிமிஷம், சைக்கிள் ஒன்றரை மணி நேரம், நடுவுல ட்ரான்சிஷன், அதாவது ஒண்ணுலருந்து அடுத்ததுக்கு மாறுற எடம், எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க, ஓட ஆரம்பிக்கிறப்போ மணி பத்து நெருங்கிடும், முடிக்கிறப்போ பதினொண்ணு தாண்டிடும். டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல 2021ல ஆம்பளைங்க ட்ரையத்லான காலைல 6.30க்கே ஆரம்பிச்சாங்க, வெயிலுக்குப் பயந்துதான், ஆனா அங்க ஜூலை மாசம் அஞ்சு மணிக்கு முன்னாடியே விடிஞ்சிடும், அவங்களால முடிஞ்சுச்சு. நமக்கு அந்த வழி கிடையாது. பத்து மணி வெயில்ல ஓடத்தான் போறோம்னு வச்சுக்கிட்டே ட்ரெய்னிங்க ஆரம்பிங்க.

இன்னொண்ணு புழுக்கம். வேர்வை வந்தா உடம்பு குளிரும்னு நெனைக்கிறோம், உண்மைல அது காஞ்சாதான் குளிரும். நம்ம ஊரு காத்துல காலைல ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல நிக்கும், அதனால வேர்வை காயாம சொட்டிக்கிட்டே இருக்கும். முழங்கைலருந்து, மூக்கு நுனிலருந்து ஒழுகுற வேர்வை எல்லாம் உடம்ப குளிர வைக்காம வீணாப் போன தண்ணி. அதனாலதான் 29 டிகிரின்னு போன் காட்டுற காலையில கூட மூச்சு வாங்குது. வெப்ப ஆபத்த அளக்குற டபிள்யூபிஜிடின்னு ஒரு கணக்கு இருக்கு, அதுல 70 சதவீத எடை ஈரத்துணி சுத்துன தெர்மாமீட்டருக்கு, 20 சதவீதம் வெயில் படுற கருப்பு உருண்டைக்கு, நம்ம சாதாரணமா பாக்குற காத்து வெப்பத்துக்கு வெறும் 10 சதவீதம்தான். ஆக போன்ல வர்ற டிகிரிய மட்டும் பாத்து வேகத்த முடிவு பண்ணாதீங்க.

நான் இதுல சொல்ல வர்றது மொத்தமா ஒரே விஷயம்தான். உடம்புக்குள்ள சூடு சேர்றது தண்ணில எறங்குன நிமிஷத்துலருந்தே ஆரம்பிச்சிடுது, அதுக்கான பில்லு ஓட்டத்துல வரும். நீச்சல்லயும் சைக்கிள்லயும் சூட்ட கம்மியா சேத்தவன் ஓட்டத்துல ஓடுவான், மத்தவன் நடப்பான்.

ரெண்டு வாரம் முன்னாடிலருந்து

"நம்மெல்லாம் இங்கயே பொறந்து வளந்தவங்க, நமக்கென்ன வெயில் பழகணும்"னு குரூப்புல யாராச்சும் சொல்லுவாங்க. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில ஏர்கோன்ல எட்டு மணி நேரம், காடில ஏர்கோன், வீட்டுல தூங்குறது ஏர்கோன்ல, ட்ரெய்னிங் காலைல அஞ்சரைக்கு இருட்டுல, இதுல எங்க வெயில் பழகும்? உடம்பு சூட்டுக்குப் பழக 10 லருந்து 14 நாள் எடுக்கும், முதல் வாரத்துலயே பாதிக்கு மேல வந்துடும். ரத்தத்துல நீர் அளவு கூடும், வேர்வை சீக்கிரமே வர ஆரம்பிக்கும், வேர்வைல உப்பு குறையும், அதே வேகத்துக்கு ஹார்ட் ரேட் எறங்கும். இது எல்லாத்தையும் காசு செலவில்லாம வாங்கலாம்.

எப்படின்னா, ரேஸுக்கு ரெண்டு வாரம் இருக்கறப்போ ஈஸி ஓட்டத்த எல்லாம் சாயந்திரம் அஞ்சு மணிக்கு மாத்துங்க, சனி ஞாயிறுல காலை பத்து மணிக்கு. 45 நிமிஷம், அதிகபட்சம் ஒரு மணி நேரம், பேசிக்கிட்டே ஓடுற வேகம், அதுக்கு மேல வேண்டாம். வேகமான செஷன் எல்லாம் பழையபடி விடியக்காலைலயே இருக்கட்டும், வெயில்ல இன்டர்வல் அடிச்சா பழகுறதுக்குப் பதிலா களைச்சுப் போயிடுவீங்க. வெளிய போக முடியாதவங்க வீட்டுல சைக்கிள ஒரே எடத்துல நிப்பாட்டி மிதிக்கிற ட்ரெய்னர் ஸ்டாண்டுல போட்டு ஃபேன நிப்பாட்டிட்டு மிதிங்க, கீழ ஒரு துண்டு போட்டுக்குங்க, பக்கத்துல யாராச்சும் இருக்கட்டும். ரேஸுக்கு முந்துன மூணு நாலு நாள் சும்மா லேசா, வந்த பழக்கம் அதுக்குள்ள போயிடாது.

அந்த ரெண்டு வாரத்துல ஒரு நாள் வேர்வை கணக்கும் எடுத்துடுங்க. ஓடுறதுக்கு முன்னாடி துணி இல்லாம எடை பாருங்க, ரேஸ் வேகத்துல ஒரு மணி நேரம் ஓடுங்க, துண்டால தொடச்சிட்டு திரும்ப எடை பாருங்க. உதாரணத்துக்கு 72.4 கிலோ இருந்தது 71.1 ஆச்சு, நடுவுல அரை லிட்டர் குடிச்சிருக்கீங்க, அப்போ ஒரு மணி நேரத்துக்கு 1.8 லிட்டர் வேர்வை. இங்க இந்த அளவு ஒண்ணும் அதிசயம் கிடையாது. இதுல கவனிக்க வேண்டியது, வயிறு ஒரு மணி நேரத்துல ஏறக்குறைய 1 லிட்டருக்கு மேல உள்ள வாங்காது, ஓடுறப்போ அதுவும் வாங்காது. போற எல்லாத்தையும் குடிச்சே ஈடு கட்டலாம்னு நெனச்சா வயிறு களக் களக்குன்னு ஆடும், வாந்தி வரும். வெறும் பச்சத்தண்ணியா குடிச்சுக்கிட்டே இருந்தா ரத்தத்துல சோடியம் எறங்கி அது தனி ஆபத்து, உயிருக்கே ஆபத்து. அதனால குடிக்கிறது பாதி வேல, மேல ஊத்திக்கிறதும் வேகத்தக் குறைக்கிறதும் மீதி வேல.

ரேஸ் அன்னைக்கு விடியக்காலை

ஸ்டார்ட்டுக்கு மூணு மணி நேரம் முன்னாடி பசியாறிடுங்க. நாசி லெமாக், ரொட்டி சானாய் எல்லாம் முடிச்சிட்டு வந்து சாப்டுக்கலாம், சந்தானும் (தேங்காப்பால்) எண்ணெயும் வயித்துலயே உக்காந்துக்கும். ரொட்டில காயா தடவி ரெண்டு மூணு துண்டு, இல்லாட்டி இட்லிய சீனி தொட்டு, ஒரு வாழப்பழம், பழக்கம் இருந்தா கோப்பி. முந்துன நாள் சாப்பாட்டுல உப்ப கொஞ்சம் தாராளமா சேத்துக்கலாம், பிரஷர் இருக்கறவங்க மட்டும் டாக்டர கேட்டுக்குங்க.

போத்தல் விஷயம் முக்கியம். ராத்திரியே ஒரு போத்தல ஐசோடோனிக்கோட (உப்பும் சீனியும் கலந்த பானம்) முழுசா ஃப்ரீசர்ல வச்சு கட்டியாக்கிடுங்க, இன்னொண்ண பாதி. ஆறு மணிக்கு ட்ரான்சிஷன்ல சைக்கிள்ல சொருகி வச்சிங்கன்னா எட்டேகால் மணிக்கு ஏறி உக்காந்து மிதிக்கிறப்போ பாதிக்கட்டி சரியா குடிக்கிற பதத்துல இருக்கும், முழுக்கட்டி ரெண்டாவது அரைமணி நேரத்துல எறங்கும். இப்படி வைக்காம போனா கிடைக்கிறது வெதுவெதுன்னு இனிப்புத் தண்ணிதான், அத யாராலயும் ரெண்டு வாய்க்கு மேல குடிக்க முடியாது, குடிக்காம விட்டதுதான் ஓட்டத்துல தெரியும்.

ஸ்டார்ட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி ஐஸ அரைச்சு அரை லிட்டர் குடிக்கலாம், 100 பிளஸ் ஊத்தி பிளெண்டர்ல அரைச்சு ஃபிளாஸ்க்ல எடுத்துட்டு வந்துடுங்க. ஐஸ் உள்ள போய் உருகுறதுக்கே உடம்போட சூட்ட நெறைய இழுத்துக்கும், அதே அளவு குளுந்த தண்ணி அவ்வளவு இழுக்காது. ட்ரெய்னிங்ல ஒரு தடவ குடிச்சுப் பாத்துட்டு செய்ங்க, சிலருக்கு வயிறு புடிச்சுக்கும். வார்ம்-அப்புன்னு கார்பார்க்ல ஓடித் திரியாதீங்க, நெழல்ல நின்னு கை கால உதறுனா போதும்.

முந்துன ரெண்டு நாள்ல காய்ச்சலோ வயித்துப்போக்கோ இருந்துச்சுன்னா ரேஸ் கட்டணம் எத்தன வெள்ளியா இருந்தாலும் விட்டுடுங்க. காய்ச்சல் விட்ட உடம்பு சூட்ட தாங்காது. ஹேஸ், அதான் புகைமூட்டம், வர்ற மாசங்கள்ல காத்து மாச அளக்குற ஏபிஐ 100 தாண்டுச்சுன்னாலும் அப்படித்தான், ஏற்பாட்டுக் குழு நடத்துனாலும் நீங்க யோசிங்க.

நீச்சல்

இது சின்ன பகுதிதான். நம்ம கடல் தண்ணி 29, 30 டிகிரி, ரப்பர் வெட்சூட் பேச்சே கிடையாது, வெட்சூட் போட்டு மிதந்து பழகுனவங்க யாராச்சும் வெளிநாட்டுலருந்து வந்தா அவங்களுக்குத்தான் கஷ்டம். இவ்வளவு வெதுவெதுப்பான தண்ணில வேகமா நீந்துனாலும் உடம்பு சூடாகும், தண்ணிக்குள்ள இருக்கறதால அது தெரியாது. முதல் 200 மீட்டர கூட்டத்தோட சண்டை போடாம ஓரமா போங்க. கரை ஏறுன உடனே கேப்ப கழட்டிடுங்க, கையிலயே புடிச்சுக்கிட்டு ஓடுங்க, தலைலருந்து சூடு வெளியேறட்டும்.

பத்து பெரிங்கி, தெலுக் பஹாங் பக்கம் சொறிமீன் வரும், பெட்டி சொறிமீனும் இந்தக் கடல்ல இருக்கு, அது ஆபத்தானது. கடிச்ச எடத்த தேய்க்காதீங்க, நல்ல தண்ணி ஊத்தாதீங்க, வினிகர் ஊத்தச் சொல்லுங்க. கை கால் முழுக்க மூடுற மெல்லிசான லைக்ரா சூட்ட அந்த ரேஸ் அனுமதிச்சா போட்டுக்குங்க, அத ட்ரான்சிஷன்ல கழட்டிடலாம்.

சைக்கிள்

இங்கதான் ரேஸ் போகுது. சைக்கிள்ல காத்து அடிக்கிறதால சூடு தெரியாது, நல்லா இருக்கற மாதிரியே இருக்கும், அந்த நம்பிக்கைல எல்லாரும் இழுத்து மிதிப்பாங்க. மிதிக்கிற பலத்த அளக்குற பவர் மீட்டர் இருந்தா வழக்கமா புடிக்கிற வாட்ஸ்லருந்து 5 லருந்து 10 சதவீதம் கம்மியா புடிங்க. இல்லாட்டி ஹார்ட் ரேட்ட பாருங்க. வேகம் ஒரே மாதிரி இருந்தும் ஹார்ட் ரேட் மட்டும் மெல்ல மெல்ல ஏறிக்கிட்டே போச்சுன்னா ரத்தம் தோல குளிர வைக்க ஓடிக்கிட்டிருக்கு, காலுக்கு வர்றது கொறையுதுன்னு அர்த்தம். அப்போ கியர எறக்குங்க.

ஏத்தத்தப் பத்தி தனியா சொல்லணும். தெலுக் பஹாங் அணையத் தாண்டி தீத்தி கெராவாங் வழியா பாலிக் பூலாவ் போற ரோட்டுல சைக்கிள் ஓட்டுனவங்களுக்குத் தெரியும், ஏத்தத்துல வேகம் பத்து பன்னெண்டு கிலோமீட்டருக்கு எறங்கிடும், காத்து நின்னு போயிடும், ரெண்டு பக்கமும் காடு, புழுக்கம், அந்த நேரம் பாத்து நாம மிதிக்கிற பலம் மட்டும் கூடியிருக்கும். சூடு அதிகமா சேர்றது அங்கதான். சமதளத்துல வேணும்னா கொஞ்சம் அழுத்துங்க, காத்து ஒதவும், ஆனா ஏத்தத்துல யார் தாண்டிப் போனாலும் விட்டுடுங்க, சின்ன கியர்ல உக்காந்தே ஏறுங்க, உச்சிக்கு வர்றதுக்கு முன்னாடியே தலைல தண்ணி ஊத்திக்கிட்டா எறக்கத்துல காத்து பட்டு அது காஞ்சு நல்லா குளிரும். எங்க ஆளுங்கள்ல பலருக்கு ரேஸ காப்பாத்திக் குடுத்த விஷயம் இது, சொல்லிக் குடுத்தது பாலிக் பூலாவ் ஏத்தத்துல வாரா வாரம் கூட வர்ற ஒரு அண்ணன்.

குடிக்கிற போத்தலும் ஊத்துற போத்தலும் வேற வேறயா இருக்கணும். ஊத்துற போத்தல்ல சிவப்பு டேப் சுத்திடுங்க, இல்லாட்டி மூச்சு வாங்குற நேரத்துல தலைல இனிப்புத் தண்ணிய ஊத்திட்டு கண்ணு எரிய மிதிக்க வேண்டியதுதான். வாட்ச்ல பத்து நிமிஷத்துக்கு ஒரு அலாரம் வைங்க, அலாரம் அடிச்சா ரெண்டு மூணு வாய். தாகம் எடுத்தா அதுக்கு மேலயும் குடிக்கலாம். ஒரு லிட்டர் வேர்வைல ஏறக்குறைய 1 கிராம் சோடியம் போகும், ஆளுக்கு ஆள் பாதியாவும் இருக்கும் ரெட்டிப்பாவும் இருக்கும். ட்ரெய்னிங் முடிஞ்சு கருப்பு ஜெர்சி காஞ்சதும் வெள்ள வெள்ளயா உப்பு பூத்திருந்தா நீங்க உப்பு அதிகம் போற ஆளு, வெறும் ஐசோடோனிக் பத்தாது, எலக்ட்ரோலைட் மாத்திரையும் சேத்துக்குங்க. சாப்பாடு மணிக்கு 40 லருந்து 60 கிராம் கார்போஹைட்ரேட், அத சைக்கிளோட முதல் ஒரு மணி நேரத்துலயே உள்ள தள்ளிடுங்க, ஏன்னா சூடு ஏறுனதுக்கு அப்புறம் வயித்துக்கு ரத்தம் போறது கொறஞ்சுடும், ஓட்டத்துல ஜெல் எறங்காது.

ஓட்டம்

முதல் ரெண்டு கிலோமீட்டர வழக்கமான வேகத்தவிட கிலோமீட்டருக்கு 20, 30 செகண்ட் மெதுவா ஓடுங்க. கால் லேசாத்தான் இருக்கும், கேக்காதீங்க. வாட்ச்ல பேஸ் காட்டுற பக்கத்த மறைச்சிட்டு ஹார்ட் ரேட்ட மட்டும் வச்சுக்கிட்டு ஓடுனா இன்னும் நல்லது. குளுந்த ஊர் யூடியூப் கோச் சொல்ற பேஸ் கணக்கு எதுவும் கர்னி டிரைவ் வெயிலுக்கு ஆகாது.

ஏய்ட் ஸ்டேஷன தைப்பூசத் தண்ணிப் பந்தல் மாதிரி நெனச்சுக்குங்க, தண்ணிமலைக்கு நடந்து போற யாரும் பந்தல ஓடித் தாண்ட மாட்டாங்க, நின்னு வாங்கிக் குடிச்சு நன்றி சொல்லிட்டுத்தான் போவாங்க. அதே மாதிரி ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் நடங்க. வரிசை இப்படி வச்சுக்குங்க: முதல்ல ஐஸ், ஒரு கை நெறைய கேப்புக்குள்ள போட்டு தலைல மாட்டுங்க, இன்னொரு கை ட்ரை சூட்டுக்குள்ள நெஞ்சுப் பக்கம். அப்புறம் குடிக்க. அப்புறம் ஸ்பாஞ்ச், கழுத்துப் பின்னால. கடைசியா தண்ணி ஊத்துறது, அத ஊத்துறப்போ இடுப்புலருந்து முன்னால குனிஞ்சு ஊத்துங்க, தண்ணி நெத்தி வழியா ரோட்டுல விழும். நிமிந்து நின்னு ஊத்துனா முதுகு, தொடை, முழங்கால்னு வழிஞ்சு நேரா ஷூவுக்குள்ள போயி நாலாவது கிலோமீட்டர்ல பாதத்துல கொப்புளம் வந்து நிக்கும். விரலிடுக்குல, தொடையிடுக்குல, அக்குள்ல வேசலின் காலைலயே தடவியிருக்கணும்.

எங்களோட ஓடுற ஒரு அக்கா பண்றது எனக்கு ரொம்பப் புடிக்கும். பழைய நைலான் ஸ்டாக்கிங்க வெட்டி, ஒரு முனைய முடிச்சுப் போட்டு பெல்ட்ல சொருகி எடுத்துட்டு வருவாங்க. முதல் ஏய்ட் ஸ்டேஷன்ல அதுக்குள்ள ஐஸ் நெறப்பி, கழுத்தச் சுத்தி மாலை மாதிரி போட்டு முன்னால கட்டிடுவாங்க. உருக உருக நெஞ்சுக்கும் முதுகுக்கும் சொட்டிக்கிட்டே வரும், ரெண்டு கிலோமீட்டருக்குத் தாங்கும். உள்ளங்கைல ஒரு ஐஸ் கட்டிய புடிச்சுக்கிட்டு ஓடுறதும் நல்லா கேக்குது, உள்ளங்கை வழியா சூடு நல்லா வெளியேறும்.

நிறுத்த வேண்டிய நேரம்

இத நிதானமா படிங்க. 2016ல மெக்சிகோவுல கொசுமேல்ல நடந்த உலகத் தொடர் கடைசி ரேஸ்ல பிரிட்டன் வீரர் ஜானி பிரவுன்லி ஜெயிக்கிற எடத்துல இருந்தாரு, கடைசி சில நூறு மீட்டர்ல கால் தள்ளாடி நின்னுட்டாரு, அண்ணன் அலிஸ்டர் வந்து தோள்ல தாங்கி கோடு வரைக்கும் கொண்டு வந்து தள்ளி விட்டாரு. ஒலிம்பிக் மெடல் வாங்குன உடம்புக்கே அப்படி.

ஹீட் ஸ்ட்ரோக்னா வேர்வை நின்னு தோல் காஞ்சிடும்னு பலபேர் சொல்றாங்க. ஓடிக்கிட்டிருக்கற ஆளுக்கு அப்படி இருக்கணும்னு இல்ல, பெரும்பாலும் வேர்வை ஊத்திக்கிட்டேதான் இருக்கும். பாக்க வேண்டியது புத்தி. ஒரு ரேஸ்ல எனக்கு முன்னால ஓடுன தம்பி ஒருத்தன் யூ-டர்ன் எடுக்க வேண்டிய கூம்பத் தாண்டி நேரா போயிட்டான். கூப்பிட்டேன், திரும்பிப் பாத்துட்டு சிரிச்சான். "தம்பி, உன் நம்பர் என்ன?"னு கேட்டா நெஞ்சுல ஒட்டியிருந்த நம்பர குனிஞ்சு பாத்தும் அவனால படிக்க முடியல, "நான் ஓகே அண்ணே, ஓகே அண்ணே"ன்னு மட்டும் சொல்றான். கையப் புடிச்சு நெழல்ல உக்கார வச்சு, வாலண்டியர் ஐஸ் பெட்டிய அப்படியே கொண்டு வந்து கொட்டினாங்க, கழுத்து, அக்குள், தொடையிடுக்கு எல்லாம் ஐஸ், மேல தண்ணி, ஒருத்தர் அட்டைய வச்சு விசிறிக்கிட்டே இருந்தாரு. மெடிக் வர்றதுக்குள்ள தன் பேர சொல்லிட்டான்.

உள் உடம்பு சூடு 40 டிகிரிய தாண்டி, ஆளு கொழம்புறான், கோவப்படுறான், தள்ளாடுறான், மயங்குறான்னா அது ஹீட் ஸ்ட்ரோக், நெஞ்சு வலி மாதிரியே அவசரம். 999க்கு ஒருத்தர் கூப்பிடட்டும், ஆனா ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, முதல்ல குளிர வைக்கணும், அப்புறம்தான் ஏத்தணும். ஐஸ் தண்ணி தொட்டி இருந்தா கழுத்து வரைக்கும் எறக்கி தலைய ஒருத்தர் தாங்கிப் புடிச்சுக்குங்க, அதுக்கு ஈடு வேற எதுவும் இல்ல. மயங்கி இருக்கற ஆளுக்கு வாய்ல எதுவும் ஊத்தாதீங்க. பனடால் குடுக்காதீங்க, இந்தச் சூட்டுக்கு அது வேல செய்யாது.

உங்களுக்கே வெயில்ல ஓடுறப்போ திடீர்னு குளிருற மாதிரி கையெல்லாம் புல்லரிச்சா, தலை சுத்துனா, எத்தனாவது கிலோமீட்டர்னு மறந்து போச்சுன்னா அங்கயே நின்னு நெழலுக்குப் போயிடுங்க. பத்து நிமிஷத்துல தெளியலன்னா நேரம் கணக்கெடுக்குற சிப்ப கழட்டிக் குடுத்துட்டு ரேஸ விட்டுடுங்க.

முடிச்சதுக்கு அப்புறம்

கோட்டத் தாண்டுன உடனே உக்காராதீங்க, நடந்துக்கிட்டே இருங்க, இல்லாட்டி ரத்தம் காலுக்கு எறங்கி மயக்கம் வரும். வீட்டுக்கு வந்து எடை பாத்தா ஒன்றரை கிலோ கொறஞ்சிருக்குன்னு வைங்க, அடுத்த சில மணி நேரத்துல ரெண்டேகால் லிட்டர் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும், உப்போட. உப்புப் போட்ட மோர், ரசம், சோறு, சாம்பார் எல்லாமே இதுக்கு ஏத்ததுதான், நாசி லெமாக்குக்கும் இப்ப தட இல்ல. ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைய ரேஸுக்கு முன்னாடியும் போடாதீங்க, அன்னைக்கு ராத்திரியும் போடாதீங்க, தண்ணி வத்தின உடம்புல கிட்னிய அடிக்கும்.

மூத்திரம் போற நெறத்த ரெண்டு நாளைக்குப் பாருங்க. மஞ்சளா இருந்து மெல்ல வெளுத்துச்சுன்னா சரி. கருப்பு கோப்பி மாதிரி, கோலா மாதிரி வந்துச்சுன்னா, இல்ல பல மணி நேரமா வரவே இல்லன்னா, தசை ஒடஞ்சு கிட்னில அடைக்குதுன்னு அர்த்தமா இருக்கலாம், பக்கத்து கிளினிக்ல ஊசி போட்டுட்டு படுத்துடாதீங்க, யாராச்சும் காடி ஓட்ட நேரா ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போயி, வெயில்ல ரேஸ் ஓடுனேன்னு முதல் வார்த்தையா சொல்லுங்க.